கழிவு

இருபத்து மூன்றாம் நகர்த்தலில்
குதிரையை ஈ-ஆறில் கொண்டுபோய் வைத்தேன்.
ஒரு சிப்பாயே எட்டி எடுத்துவிடக்கூடிய கட்டம்.
ஈ என்றால் கொடு என்றும் பொருள்,
அதையெல்லாம் அப்போது நினைக்கவில்லை.
நினைத்தது இந்துனிலின் ராஜா
இன்னும் வீட்டுக்குள் போகவில்லை என்பதை மட்டும்.

ஹட்டன். ஐந்தாம் சுற்று. பேக்கரிக்கு மேல்மாடி மண்டபம்.
தகரத்தில் மழை, கீழிருந்து பணிஸ் வாசம்.
இந்துனில் என்னைப் பார்த்தான்,
பிறகு குதிரையை, மறுபடியும் என்னை,
மீதிக்காசைக் கூடுதலாகத் தந்துவிட்ட
கடைக்காரனைப் பார்ப்பதுபோல.
எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை.
அதுதான் பயங்கரம்.
செக் இல்லை, வெட்டு இல்லை.
ராணியை ஒரு கட்டம் ஒதுக்கினேன்.
கோட்டையை நடுவுக்கு இழுத்தேன்.
கடன்காரன் வரும் வழியிலேயே நின்று
பீடி பற்றவைப்பவன்போல
ஒரு குதிரை குறைவாக
எட்டு நகர்த்தல் சும்மா இருந்தேன்.
முப்பத்திரண்டில் அவன் விரல்
தவறான சிப்பாயில் பட்டது.
தொட்டால் நகர்த்தியாக வேண்டும்.

திரும்பும் கோச்சியில் விக்னராஜா போனைத் திறந்தான்.
தலவாக்கலையில் போன் திருத்துகிற கடை அவனுக்கு.
ஆட்டம் முழுவதையும் ஒவ்வொன்றாய் ஊட்டினான்.
குதிரை வந்து நின்றதும்
இயந்திரம் கண்கூட இமைக்கவில்லை:
மைனஸ் இரண்டு தசம் ஒன்பது.
"பார்த்தியா, குருட்டு யோகம் உனக்கு."

அந்த வேகம் எனக்குத் தெரியும்.
நான் தராசடியில் நிற்பவன்.
கொழுந்துப் பை கொக்கியில் ஏறி
முள் ஆடி அடங்குவதற்குள்
பைக்கு இரண்டு கிலோ, மழையென்றால் ஈரத்துக்கு நாலு,
கழித்து எழுதிவிட்டு
அடுத்த பேரைக் கூப்பிடுகிற வேகம்.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்தது.
விளக்கு எரியாத பெட்டி.
வாசற்படிப் பையன்கள் கூவத் தொடங்கினார்கள்.
வெளிச்சமென்று இருந்தது அந்த எண் ஒன்றுதான்.
மைனஸ் இரண்டு தசம் நாலு.
"இதுவும் கவ்வாத்துப் பண்ணும்டா," என்றான் விக்னராஜா.
"எல்லாக் கிளையிலும் ஏறிப் பார்க்க நேரமில்லை.
நட்டமாய்த் தெரிகிற கிளையில்தான் முதல் கத்தி.
வெட்டிப் போட்ட கிளையில் நின்றது உன் குதிரை."

வெட்டின இடத்தில்தானே துளிர்க்கும் என்றேன்.
கூவலில் அவனுக்குக் கேட்கவில்லை.
மைனஸ் ஒன்று தசம் இரண்டு.
போன் சூடேறி, கை மாற்றிப் பிடித்தான்.
மைனஸ் பூச்சியம் தசம் ஐந்து.
கொட்டகலை தாண்டி
பனி வந்து கண்ணாடியில் ஒட்டியபோது
பூச்சியம்.
அப்புறம் அசையவில்லை.

"வெற்றி இல்லை, பார்.
அவன் சரியாக ஆடியிருந்தால் சமன்தான்."
ஆமாம், சமன்தான்.
மடியில் ஒரு சின்னக் கோப்பை இருந்தது,
காகிதப் பொதிக்குள் பணிஸ் இரண்டு இருந்தன.
எதுவும் அந்தப் பூச்சியத்தைப்போல் இனிக்கவில்லை.
கொடுத்த குதிரை எங்கேயும் போகவில்லை;
கட்டங்களுக்கு இடையில் எங்கோ
எடையாகவே இருந்திருக்கிறது.
முப்பத்தொரு படி இறங்கிப் போய்த்தான்
அதைக் கண்டிருக்கிறது இயந்திரம்.
இறங்கிப் போனதே, அதைச் சொல்லவேண்டும்.
நான் ஒரு படி இறங்கியவனில்லை.

திங்கட்கிழமை. ஏழாம் நம்பர் மலை. தூறல்.
செங்கமலம் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு
ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறதையே சொன்னாள்:
"நாலு வெட்டாதீங்க.
கொஞ்சம் தொங்கட்டும்.
தண்ணி வடிஞ்ச பொறகு நிறுங்க."

லொறிக்காரன் ஹோன் அடித்தான்.
வரிசையில் இன்னும் இருபத்தாறு பேர்.
பேனாவை மூடினேன்.

பையின் அடியில் ஒரு சொட்டுத் திரண்டு
விழுந்து
இன்னொன்று திரண்டது.
பதினெட்டை விட்டு முள்
மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.
எங்கே நிற்குமென்று
அவளுக்கும் தெரியாது,
எனக்கும்.